நெறி கட்டாத கால்

டொக்டர் சந்தியாப்பிள்ளை இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை, உயிரோடு இருக்கிற ஆளுக்கே அஞ்சலி போடுகிற காலம் இது. வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன். மகள் "ஓம் அன்ரி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

என்னோடு அவருடைய கிளினிக்கில் நின்ற தாதிமாரே, உங்களுக்குத் தெரியும், மனிசன் எதையும் நம்பமாட்டார். நாங்கள் பார்த்து எழுதிய பிறஷரைத் தானே இன்னொருதரம் பார்ப்பார். முள்ளிக்குளத்திலிருந்து வந்த ஒருவர் தனக்கு ஒன்றுமில்லை என்றார். "ஒண்டுமில்லாட்டி ஏன் ஐயா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று கேட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார். எனக்கு அந்தக் குணம் எரிச்சலாகத்தான் இருந்தது.

என் கணவர் அரிப்பு என்ற கரையோர ஊரில் தோணி வைத்திருப்பவர். அவருடைய உள்ளங்காலில் ஒரு கறுப்பு இருந்தது. கடலில் இறங்குகிறவர்களுக்குக் காலில் முள் முறிவது புதினமில்லை; அதுவும் முறிந்த முள்தான் என்று விட்டிருந்தோம். வேறு காயத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில் டொக்டர் அதைக் கண்டுவிட்டார். கெட்ட புண் என்றால் கவட்டில், தொடை இடுக்கில், நெறி கட்டுமே, கட்டவில்லையே என்று இவர் சிரித்தார். எங்கள் கரையில் எல்லோரும் சொல்வதுதான். டொக்டர் கவட்டைத் தடவிப் பார்த்தார்.

"அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை," என்றார்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்று என்னிடம் தனியே சொன்னார். கிருமி வந்தால் நெறி வீங்கிச் சண்டை பிடிக்கும். இந்த நோயோ, தான் போய்ச் சேருமுன்னமே பக்கத்து நெறிக்குச் சமிக்ஞை அனுப்பி, அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்களை மந்தப்படுத்திவிடுமாம். "கள்ளன் நாய்க்கு இறைச்சி போட்டிட்டுத்தான் மதில் ஏறுவான், சிஸ்டர். நாய் குலைக்கேல்லை எண்டு நித்திரை கொள்ளாதேங்கோ."

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கறுப்பையும் கவட்டு நெறியையும் எடுத்துப் பார்த்தார்கள். வீங்காத அந்த நெறிக்குள்ளும் நோய் வந்து இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் இல்லை.

செத்த வீட்டில் எல்லோரும் அவருடைய நல்ல மனதைப் புகழ்ந்தார்கள். நல்ல மனது ஊரில் பலருக்கு உண்டு. என் மனிசன் இன்றைக்கும் தோணி தள்ளுவது டொக்டரின் பொல்லாத சந்தேகத்தால். அதைத்தான் நான் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இவரைக் கதிரையில் இருத்தி, காலைத் திருப்பிப் பார்த்து, கவட்டில் விரல் வைத்து அழுத்துவேன். டொக்டரின் விசர் எனக்கும் பிடித்துவிட்டது என்று புறுபுறுப்பார். போன ஞாயிறும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதனால்தான் வருகிற ஞாயிறும் பார்ப்பேன்.