சந்திரமோகன் விட்டுவிட்ட பாட்டு

என் தம்பி சிவப்பிரகாசத்தின் மகன் சந்திரமோகனுக்கு நிலத்தில் இறங்கப் பிடிக்காது. உடம்பு வணங்காத பிள்ளை என்றும் சொல்ல முடியாது. காலையில் கடை திறந்தால் சோற்றுக்குக்கூட எழுந்து வரமாட்டான். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்தான். வெற்றுக் கேசட்டும் பாட்டின் பெயரும் கொடுத்துவிட்டுப் போனால் பதிந்து வைத்திருப்பான். கிருத்திகைக்கு மலை ஏற வருகிறவர்கள் முருகன் பாட்டு வாங்குவார்கள். வயிறு நிறைந்தது அதில்தான். மனசு மட்டும் வேறு எங்கேயோ இருந்தது.

எங்கே என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்து தெரியாதவள் நான், அட்டைப் படம்தான் எனக்கு அடையாளம். நீல அட்டையில் மின்விசிறி போட்டது ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு. அதில் ஆளே பாடவில்லை. மெஷினே தட்டுகிறது, மெஷினே ஊதுகிறது. எனக்கு மாவு மில்லில் நிற்கிற மாதிரி இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நடுவுல சத்தம் நின்னு போவுது பாரு அத்தை. மறுபடி எப்ப வரும்னு நெஞ்சு அடிச்சிக்குது. அதான் பாட்டு."

நின்றுபோனது எப்படிப் பாட்டாகும் என்று கேட்டேன். உனக்குப் புரியாது என்றான். புரியவில்லைதான்.

பஸ்ஸிலெல்லாம் ஓடிய இந்தி கேசட் ஒன்று உண்டு, அட்டையில் ஒரு பெண் தலைமுடியை விரித்துக்கொண்டு நிற்பாள். அது அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர். "மொதல் பாட்டு நல்லாகீது. மீதியெல்லாம் அதே பாட்டுக்கு வேற சட்டை" என்பான். சென்னைப் பையன்கள் தமிழில் பாடின ஒன்றைப் பற்றி, "அடி நல்லாகீது, பசங்கதான் வாய மூடிகினு இருந்திருக்கலாம்" என்பான். இதையெல்லாம் வாங்க வந்தவரிடமே சொல்வான். அப்படியும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அது ஏன் என்றும் எனக்கு விளங்கினதில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு கேசட்டை முழுசாகப் பதியச் சொன்னாலும், தனக்குப் பிடிக்காத பாட்டை விட்டுவிடுவான். அந்த இடத்தில் தனக்குப் பிடித்த வேறொன்றைப் போட்டுக் கொடுப்பான். இது என்ன நியாயம் என்றால், "அரிசியில கல்லு கெடந்தா பொறுக்கிட்டுதானே அத்தை ஒலையில போடற" என்பான்.

தொண்ணூற்றெட்டில் கனகம்மாசத்திரம் எல்லப்பன் மகள் பிரேமாவைப் பார்க்கப் போனோம். பேச்சை எடுத்தவள் நான்தான். பாட்டுக் கடைக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அதற்கு முன்னால் பல இடம் தட்டிப்போயிருந்தது. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. இதுவும் போனால் இவன் ஒற்றையாகத்தான் நிற்பான் என்று தம்பி கலங்கிப்போயிருந்தான்.

பஜ்ஜி வந்தது, காபி வந்தது. வழக்கம் ஆயிற்றே என்று, "ஒரு பாட்டு பாடும்மா" என்றேன். என் வாயில் சனி.

"பாட வராதுங்க. கேக்கத்தான் வரும்" என்ற பிரேமா, உள்ளே போய் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது உங்க கடையில பதிஞ்சதுதானே?"

சந்திரமோகன் திருப்பிப் பார்த்தான். "ஆங், என் கையெழுத்துதான்."

"நைனா கிருத்திகைக்கு மலைக்கு வந்தப்ப அவரு கிட்ட குடுத்தனுப்பினேன். திருவள்ளூர்ல சிநேகிதி வீட்ல கேட்ட பாட்டுங்க. வெள்ளைக்கார அம்மா பாடறது. இதுல கடைசிப் பாட்டு இல்ல. அதுக்காகத்தான் பதியவே சொன்னேன்."

"அந்தப் பாட்டா? மத்ததெல்லாம் ஓடி வருது, அது வந்து படுத்துக்குது. தாளமே இல்ல. அதுக்கு பதிலா வேற ஒண்ணு போட்டேனே, கேக்கலியா?"

"கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் இன்னா?"

"நான் கேட்டது அது இல்லியே."

எல்லப்பன் இருமினார். "பாட்டு கெடக்குது, மாப்பிள்ளை பஜ்ஜி எடுத்துக்கோங்க" என்றார். பிரேமா உள்ளே போய்விட்டாள்.

பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று அந்த வாரமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். "எனக்கு இன்னா வேணும்னு அவரே முடிவு பண்ணுவாராம். நாளைக்குப் பொடவையிலயும் அதானே பண்ணுவாரு" என்றாளாம்.

எனக்குத் தலை சுற்றியது. நகையால் நின்ற கல்யாணம் பார்த்திருக்கிறேன், ஜாதகத்தால் நின்றதும் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தைகூட விளங்காத பாட்டு, அதுவும் கேசட்டில் இல்லாத பாட்டு, அதனால் நின்ற கல்யாணத்தை எங்கே கண்டேன்?

ஆனால் நான் விடுகிறவள் இல்லை. நேரே கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பாட்டு நல்லாகீதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடா."

"நல்லால்லியே அத்தை."

"சொன்னா உன் வாயி தேஞ்சிடுமா?"

"சொல்லிட்டா காலம் பூரா தலையாட்டிகினே அந்தப் பாட்ட கேக்கணும். என்னால ஆவாது."

"அப்போ பொண்ணு வாணாமா?"

கேசட்டுகளை எடுத்து எடுத்து அதே இடத்தில் வைத்தான். அப்புறம் மெதுவாக, "வேணும் அத்தை. நான் பதிஞ்சத கடைசி வரைக்கும் கேட்டுட்டு, இது இல்லன்னு வந்து நின்னவ அவ ஒருத்திதான்" என்றான்.

"அப்போ முழுசா பதிஞ்சு குடு. உன் அபிப்பிராயத்த எவ கேட்டா?"

புதுக் கேசட் ஒன்றைப் பிரித்தான். கடைசிப் பாட்டு வந்தபோது அவன் விரல் நிறுத்துகிற பொத்தான் மேலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அது முடிகிற வரைக்கும் நின்றான்.

கேசட்டை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். பிரேமா டேப்பில் போட்டுக் கடைசிக்கு ஓட்டினாள். நானும் கேட்டேன். ஒருத்தி மெதுவாக எதையோ சொல்லிக்கொண்டே போகிறாள். அழுகிறாளா, தாலாட்டுகிறாளா, யாரையாவது திட்டுகிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை. பிரேமா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும், "இப்ப அவருக்குப் பிடிச்சிருக்காமா?" என்றாள்.

ஆமாம் என்றால் தீர்ந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. என்னவோ தெரியவில்லை, "இல்லியாம். தூக்கந்தான் வருதாம்" என்று சொல்லிவிட்டேன். காரியம் கெட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பிடிக்காமயே முழுசா பதிஞ்சாரா?"

"ஆங். நின்னுகினே பதிஞ்சான். கசாயம் குடிக்கிறவன் மாதிரி மூஞ்ச வெச்சிகினு."

அவள் சிரித்தாள். வாசல் பக்கம் திரும்பி, "நைனா, அவங்கள மறுபடி வரச் சொல்லு" என்றாள்.

பிடிக்கவில்லை என்று சொன்னதற்கா சம்மதம்? உள்ளே வந்த எல்லப்பன் என்னைத் தனியாக அழைத்து, "அப்படி இன்னாம்மா சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டார்.

"தெரியலியே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு பஞ்சாங்கம் எடுக்கப் போனார்.