தண்ணீரில் நான்கு சுழி

பேய், ஆவி என்று யாராவது கதையை எடுத்தால் இடுப்புச் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போகிற ஆள் நான். கடலோடு வளர்ந்தவன், இருட்டும் காற்றும் எனக்குப் பழகின சங்கதி, கண்ணுக்குத் தெரியாத எதுவும் ஒருநாளும் என்னைப் பிடித்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

பருத்தித்துறைப் பக்கம் எங்கள் ஊர். நானும் அண்ணையும் அப்பாவின் மர வள்ளத்தில் ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்தக் காலம் முழுக்க எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கொரு சோடித் துடுப்புப் பிடித்து வலித்தோம். துடுப்பு வலிக்கிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பான், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் பின்பலகை, அண்ணை முன்பலகை. அதாவது அவர் எனக்குப் பின்னால், என் முதுகைப் பார்த்தபடி. நான் பார்ப்பதெல்லாம் விட்டுவந்த தண்ணீரைத்தான். அவர் கதை குறைந்த மனிதர். வலக்கையை இறுக்க வேண்டுமென்றால் குதிக்காலால் பலகையில் ஒரு தட்டு, இடக்கை என்றால் இரண்டு தட்டு, அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பிறகு ஒருநாள் அண்ணை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். செத்தவீட்டுக்கு வந்த சனமெல்லாம் என்னைத்தான் கேட்டது. "நாள் முழுக்க ஒண்டா இருந்தனீ, முகத்திலை ஒண்டும் தெரியேல்லையே?" நாள் முழுக்க ஒன்றாகத்தான் இருந்தோம், முகம்தான் எனக்குத் தெரிகிற பக்கம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் டவுனில் ஓர் உளவளத்துணை நிலையம் இருக்கிறது. மனம் உடைந்தவர்கள் போன் எடுத்தால் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்து கேட்கும். அந்தப் போனை இரவிலும் திறந்து வைக்க அவர்களுக்குக் காசு தேவைப்பட்டது. அண்ணையைப்போலப் போனவர்களின் நினைவாகக் காங்கேசன்துறையிலிருந்து எங்கள் கரைவரை எஞ்சின் இல்லாமல் தனியே வலித்து வருகிறேன் என்று சொல்லி நான் காசு கேட்டேன். கனடாவிலிருக்கிற எங்கடை ஆட்கள் மைலுக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளையை, புருசனை அப்படிப் பறிகொடுத்த குடும்பங்கள் படங்களோடு கரையில் நிற்பதாக ஏற்பாடு.

அண்ணி மட்டும் விரும்பவில்லை. அண்ணை போனபிறகு அவ கடற்கரைப் பக்கமே வருவதில்லை. புறப்படுகிற அன்று வாசலில் நின்று சொன்னா, "நான் வந்து நிக்கிறன், தம்பி. ஆனா நீர் வந்து சேரவேணும். இன்னொரு ஆளுக்காகத் திரும்பவும் வழி பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது." கடலில் என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் சொல்தான்.

என் மச்சான் குகன் எஞ்சின் படகில் துணைக்கு வந்தான். நான் பழக்கதோசத்தில் பின்பலகையில் போய் இருந்ததைப் பார்த்துவிட்டுத் தொடங்கினான்.

"தனியாள் எண்டா நடுப்பலகையிலை இரடா. வள்ளம் கொம்பு தூக்கிற மாடு மாதிரி நிக்குது."

"எனக்கு உதுதான் வசதி."

"காத்து வந்து மூஞ்சையிலை அடிக்கேக்கை தெரியும் உன்ரை வசதி."

அவன் சொன்னது சரி, முன்பக்கம் பாரமில்லாவிட்டால் காற்று வள்ளத்தின் தலையைத் திருப்பிவிடும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நடுவில் இருந்தால் ஒற்றை ஆளின் வள்ளம் என்று ஆகிவிடும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பாதி வழிக்கு முன்னமே குகனின் எஞ்சின் இழுக்காமல் நின்றது. தட்டிக் கொட்டி மெல்ல ஓடவைத்தான். "திரும்புவம் மச்சான். சோளகக் காத்து ஏறப்போகுது."

"நீ போ. நான் வாறன்."

"உனக்கென்ன விசரே? உன்ரை அண்ணிக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

வேறு படகு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று ஏசி ஏசிப் போனான். அவன் சத்தம் அடங்கினபிறகு இருந்த தனிமையை எப்படிச் சொல்ல. கடலில் தனியே இருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் துடுப்போடு தனியே இருந்தது அன்றைக்குத்தான், பின்னால் மூச்சுச் சத்தம் இல்லாமல்.

பின்னேரம் சோளகம் ஏறியது. எங்கள் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. குகன் சொன்னபடியே வள்ளத்தின் தலை வெளிக்கடலுக்குத் திரும்பியது, நான் இழுக்க இழுக்கக் கரை சிறுத்தது. நடுப்பலகைக்கு மாறவென்று துடுப்பை விட்டால் அந்த இடைவெளியிலேயே காற்று கொண்டுபோய்விடும். கை இரண்டும் மரத்துப்போயிற்று, போனில் சார்ஜ் இல்லை. அண்ணி கரையில் நிற்பது நினைவுக்கு வந்தது, அழுகை வந்தது, அழுதுகொண்டே வலித்தேன்.

அந்த நேரம்தான் வள்ளம் இலேசானது. நம்பினால் நம்புங்கள். தூக்கி நின்ற முன்பக்கம் மெல்லப் பதிந்தது. காற்றுக் குறைந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் தண்ணீரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் துடுப்புப் பட்ட இடத்தில் சின்னச் சுழி விழுந்து பின்னால் போகும், ஒரு சோடித் துடுப்புக்கு இரண்டு. அன்று நான்கு போயின. என்னுடையவை இரண்டு, அவற்றுக்கு நடுவே எனக்குப் பின்னாலிருந்து வந்து என்னைக் கடந்து போனவை இரண்டு. மற்றச் சோடித் துடுப்பு வீட்டில் கூரைக்குக் கீழே கிடந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அது நின்றுவிடும் என்று பயம், நிற்காவிட்டால் என்ன காண்பேன் என்றும் பயம். எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் பாறைத்திட்டாகக் கற்பார் உண்டு, அதில் வெட்டிய ஒடுக்கமான வழியால்தான் உள்ளே வரலாம், தனியாள் அந்தக் காற்றில் அதைப் பிடிப்பது நடக்காத காரியம். பலகையில் ஒரு தட்டுக் கேட்டது. வலக்கையை இறுக்கினேன். பிறகு இரண்டு தட்டு. கை தன்பாட்டில் செய்தது.

"ஏனண்ணை?" என்று கேட்டேன். பின்னால் ஒரு துடுப்பு இழுப்புத் தவறியது, ஒன்றே ஒன்று, அந்த முறை இரண்டு சுழிதான் போனது. பிறகு பழையபடி நான்கு.

மணலில் முட்டினபோது பொழுது பட்டிருந்தது. அண்ணி முழங்காலளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்தா. "வந்திட்டீர்," என்றா, அவ்வளவுதான், கையை மட்டும் வள்ளத்திலிருந்து எடுக்கவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். முன்பலகை வெறுமை.

வேறு படகு கிடைக்காமல் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்திருந்த குகன் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டான். "தூரத்திலை பாக்கேக்கை வள்ளம் மட்டமா வந்தது, மச்சான். நடுவிலை மாறி இருந்தனியே?" ஓம் என்று சொன்னேன்.

அந்தப் போன் இப்போது இரவிலும் வேலை செய்கிறது, நல்ல விசயம். ஆனால் எனக்கு நித்திரை வராத நாட்களில் வருகிற நினைவு வேறு. அன்று நான் போட்டிருந்தது அந்த நிலையம் தந்த சேர்ட். அதன் முதுகில் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள், 'எங்களோடை கதையுங்கோ' என்று. வழி நெடுக அந்த எழுத்து அவர் முகத்துக்கு நேரே இருந்திருக்கிறது. வாசித்திருப்பார். நானும் கேட்டேன்.

அன்றும் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.