சகனுக்கு மட்டும் நோயாளி

சுனாமி அடித்து ஒரு வருடம் போன பிறகு பள்ளிவாசலில் இரத்ததான முகாம் வைத்தார்கள். கடலோரத்தில் இருந்த வீடும் சைக்கிள் சாமான் கடையும் போய், தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு நிவாரணம் வாங்கியே எனக்கு அலுத்துப்போயிருந்த காலம். ஒரு நாளைக்காவது நாமும் கொடுப்போமே என்று கையை நீட்டினேன். சில வாரங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் இரத்தத்தைப் பயன்படுத்த முடியாது, நேரில் வரவும். இருந்ததையெல்லாம் கடல் எடுத்துக்கொண்டது. அது விட்டுவைத்த இரத்தத்தை ஆஸ்பத்திரி வேண்டாமென்றது.

ஈரலைப் பிடிக்கும் வைரஸ், ஹெப்படைட்டிஸ் பி என்றார் டொக்டர். பல வருடங்களாக உள்ளே இருந்திருக்கிறது. மேலும் சில பரிசோதனைகள் செய்துவிட்டுக் குளிசை எழுதினார். நாளைக்கு ஒன்று, ஒரே நேரத்தில். தான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது தொற்றாது. மனைவி, பிள்ளைகளுக்கு இரத்தம் பார்த்துத் தடுப்பூசி போட வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான். அத்தனையிலும் என் காதுக்குள் போனது ‘வைரஸ்’ என்ற ஒரு சொல். மிச்சத்தையெல்லாம் என் மனைவி கேட்டாள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது, ஊசியும் போட்டார்கள். அதோடு அவளுக்கு விசயம் முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது.

சைக்கிளுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டால் என் கோப்பைக்கும் பீங்கான் தட்டுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

“கோப்பையால வராதெண்டு டொக்டர் சொன்னவர்தானே,” என்றாள் மனைவி. “நீங்க எந்த டொக்டரிட்டப் போன?”

“இது முன்னெச்சரிக்கை புள்ள.”

“முன்னெச்சரிக்கையாம். கடல் வரக்குள்ள இது எங்க போயிருந்த?”

கிளினிக்குக்கு பஸ்ஸில் போக வேண்டும். வழியில் ஆமிச் சோதனைச் சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். ஒருமுறை ஆமிக்காரன் குளிசைப் போத்தலை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, “என்ன வருத்தம்?” என்று கேட்டான். துவக்கோடு நிற்பவனிடம் பொய் சொல்ல முடியுமா? ஈரலில் கைவைத்துக் காட்டி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ஆக, எங்கள் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே உண்மை தெரிந்த ஒரே ஆள், பெயர் தெரியாத அந்த ஆமிக்காரன்.

என் மச்சானுக்குக்கூட நான் சொல்லவில்லை, மனைவியையும் சொல்ல விடவில்லை. மச்சான் என்றால் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். அதற்கு முன்பே அவன் எனக்கு வகுப்புத் தோழன். கல்யாணமோ கந்தூரியோ, எந்த விருந்தென்றாலும் நாங்கள் இருவரும் ஒரே சகனில்தான் உட்காருவோம். பெரிய தட்டில் சோறு, நடுவில் கறி, சுற்றிவர நாலைந்து பேர் கைபோடுவது. ஈரல் துண்டு கிடைத்தால் எனக்குப் பிடிக்கும் என்று அதை என் பக்கம் தள்ளிவிடுவான். அவனுக்குத் தொற்றிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் என்னைத் தின்றது. டொக்டர் இல்லையென்று சொன்ன பயம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்துகளுக்கெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு, இரண்டு வருடம் ஒழுங்காகக் குளிசை போட்டேன். பிறகு ஒரு பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று அதில் இருந்தது. தெரியவில்லை என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மச்சானின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்தது. எங்கள் வீட்டிலும் நிறைய ஆட்கள், குளிசையை ஒளித்து விழுங்க ஒரு மூலையுமில்லை. நிறுத்திவிட்டேன். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

இனித்தான் என் மூளையின் விசேஷம். கல்யாணத்தன்று மச்சான் சகனுக்கு முன்னால் இடம் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். குளிசை விசயத்தில் சுகமாகிவிட்டவன், சகன் விசயத்தில் இன்னும் நோயாளி.

“வயிறு சரியில்ல மச்சான். நீ தின்.”

பெண்ணின் வாப்பா இடம் வைத்துக் கூப்பிட்டு, ஒருவன் மாட்டேன் என்று எழும்பிப் போவது எங்கள் ஊரில் சின்ன விசயமில்லை. பந்தி முழுக்கப் பார்த்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பசி தாங்காமல் குசினிக்குள் போய், ஒரு பீங்கான் நிறையப் புரியாணி போட்டுத் தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த மச்சான் வாசலில் நின்றான். என் கையில் கோழிக்கால்.

“வயிறு சுகமாயிட்டு போல,” என்றான். “நல்லாச் சாப்பிடுங்க.”

பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை ‘நீ’ என்றே கதைத்தவன். அந்த ‘சாப்பிடுங்க’ கன்னத்தில் அடித்தது போலிருந்தது.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப்பக்கம் வரவேயில்லை. சுனாமி வீட்டுத்திட்டப் பட்டியலில் அவன் பெயர் வந்து என் பெயர் வராத எரிச்சலில்தான் சபையில் வைத்து அவமானப்படுத்தினேன் என்று ஊரில் கதை. போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை அவன் வீட்டு வேலிக் கடப்படி வரைக்கும் போனேன். கடப்பில் கைவைத்ததும் ‘வைரஸ்’ என்ற சொல் வழிமறித்தது. திரும்பி வந்தேன்.

மூன்று மாதத்தில் உடம்பு சோர்ந்தது. சலம் கழித்தால் தேயிலைச் சாயம் போலப் போனது. நான் மறுபடி போட்டிருந்த சின்னக் கடைக்கு ட்யூப் வாங்க வந்தவர், “கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு காக்கா,” என்றார். பின்னேரத்துக்குள் வீட்டில் கீழ்க்காய்நெல்லி குவிந்துவிட்டது, ஆளுக்கொரு கட்டு. ஒளித்து வைத்த வருத்தத்தைக் கண்ணே ஊருக்கு அறிவித்துவிட்டது. மனைவி கீழ்க்காய்நெல்லியைத் தொடவில்லை. நேரே என் அலுமாரியைத் திறந்து, நிரம்பியிருந்த குளிசைப் போத்தலை எடுத்து ஒருமுறை குலுக்கினாள். ஆமிக்காரனைவிட மோசமாக என்னைப் பார்த்தாள். ஓட்டோ வந்தது.

“தெரியல்ல எண்டா இல்ல எண்டு அர்த்தமில்ல,” என்றார் டொக்டர். “குளிசை அத அமத்திப் பிடிச்சிருந்த. நீங்க கைய எடுத்திட்டீங்க. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஈரல் தாங்கியிருக்காது.” மீண்டும் குளிசை தொடங்கியது. இம்முறை தாதி முன்னால் நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள் மச்சான் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். என் மனைவி தன் காக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“அப்ப வீட்டுப் பட்டியல் கோவமில்லயா?”

“இல்ல மச்சான். உனக்குத் தொத்திருமெண்டு பயந்த.”

“சகனால தொத்துமெண்டு டொக்டர் சொன்னவரா?”

“இல்ல.”

“அப்ப ஆரு சொன்ன?”

“நான்தான்.”

“முப்பது வருஷமா ஒண்டாத் திண்டிருக்கம். தொத்துறதெண்டா எப்பவோ தொத்தியிருக்கும், விசரா. உன்ட விசர்தான் எனக்குத் தொத்தின. மூணு மாசமா நித்திரையில்ல.” பிறகு கட்டிலில் இருந்தான். “நீ குளிசையப் போடு. மிச்சத்த மறுகா கதைப்பம்.”

‘நீ’ என்றான். எனக்கு அது போதும்.

நான் தேறி வந்து கொஞ்ச நாளில் யுத்தம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள், டவுனில் வெடி கொளுத்தினார்கள். அதற்கடுத்து வந்த கந்தூரியில் மச்சான் இடம் வைத்துக் கூப்பிட்டான். போய் உட்கார்ந்தேன். சகனைக் கிளறி ஒரு ஈரல் துண்டைத் தேடியெடுத்து என் பக்கம் தள்ளினான்.

“இந்தா. உன்டதுதான் பழுதாப் போச்சே, இதத் தின்.”

கையை வைத்தேன். உடனே பிடித்துக்கொண்டான்.

“குளிசை போட்டியா?”

கேட்பதை மெல்லக் கேட்டால் என்ன? பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாத்திரத்தோடு நின்ற பள்ளிவாசல் மோதினாரும் பதிலுக்குக் காத்து நின்றார். நான்கு வருடமாக ஒளித்த விசயம்.

“ஓம், போட்ட,” என்றேன்.

பிறகுதான் கையை விட்டான்.