கதவுக் கண்ணாடியில் ஒரு தலை

அறுபத்தேழில் உலகக் கண்காட்சி முடிந்த குளிர்காலம். கனடாவின் மொன்றியல் நகரில், வில்லரே என்ற பகுதியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். வகுப்புக் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியைக் கிரகங்களின் படம் ஒட்டி மறைத்தேன். பிள்ளைகளுக்கு வானியலில் ஆர்வம் வரட்டும் என்று முதல்வரிடம் சொல்லிவைத்தேன். என் ஆங்கிலத்துக்குப் பிள்ளைகள் சிரிப்பதை வெளியே போகிறவர்கள் பார்க்கக் கூடாது, அதுதான் காரணம். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். வசந்தத்தில் புதுப்பிக்காவிட்டால் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும்.

சில நாளில் சனிக்கிரகத்துக்கு மேலே ஒரு தலையின் நிழல் விழத் தொடங்கியது. வரும், நிற்கும், போகும். காலடிச் சத்தமே இருக்காது. பழைய கட்டடம். பேய் என்றால் பாதகமில்லை, அது முதல்வரிடம் கோள் சொல்லாது. முதல்வரின் ஆளாக இருந்தால் ஒப்பந்தம் போச்சு.

ஒருநாள் சட்டென்று கதவைத் திறந்தேன். பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், பனிக்கான ரப்பர் உறை மாட்டிய ஷூவோடு நின்றார். அதுவரை எங்களுக்குள் குளிரைப் பற்றித்தான் பேச்சு.

"என்ன சார், வேவு பார்க்கறீங்களா?"

"ஓம். உம்மட பிள்ளையள் சிரிக்கிறதைக் கேக்க வாறனான்."

"என்னைப் பார்த்துத்தான் சார் சிரிக்குதுங்க."

"சிரிக்குதுகள்தானே, மாஸ்டர். என்ர வகுப்பிலை மூச்சுச் சத்தமும் இல்லை. உயிரோடைதான் இருக்குதுகளோ எண்டு பயமாக் கிடக்கு." கொஞ்சம் தயங்கினார். "நான் பின் வாங்கிலை வந்து இருக்கட்டோ?"

வழியில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னது போல இருந்தது. நானும் அவர் வகுப்புக்கு வருவேன் என்று பேரம் பேசி ஒத்துக்கொண்டேன்.

பின் பெஞ்சில், அவர் பேச்சில் வாங்கில், முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டவர், வகுப்பு முடிந்ததும் சொன்னார்: "நீர் பலகையோடை கதைக்கிறீர். பலகைக்கு எல்லாம் விளங்கிட்டுது. கொஞ்சம் திரும்பும்."

அவர் வகுப்பைப் பார்த்துவிட்டு நானும் விடவில்லை. "கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. அதுங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பஸ் போயிடுது சார்."

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படி மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டோம். கண்ணாடிப் படத்தை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். ஒருநாள் சுவருக்கு அப்பால் அவருடைய வகுப்பு சிரித்தது. நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். வசந்தத்தில் என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

கோடை விடுமுறையில் அவர் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

செப்டம்பரில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதில் யாரும் தெரியவில்லை. ஆனால் நான் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின் வாங்கில் யாரோ முழங்காலை இடித்துக்கொண்டு உட்காரும் சத்தம். பாதி வாக்கியத்தில் சுண்ணக்கட்டியோடு திரும்பிவிடுவேன். பிள்ளைகள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காரும். முதுகிலும் கண் உள்ள மனுஷன் என்று எனக்குப் பெயர் வந்தது. நான் மறுக்கவில்லை. பின் வாங்கின் அந்த ஓரத்தில் மட்டும் யாரையும் உட்கார விட்டதில்லை.