கோவளத்துக்கு வந்த கஸ்கஸ்

மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் பல வருஷம் பஸ் ஏறிப் போனவள் ரேணுகா. நின்றுகொண்டே செய்த வேலையில் இடுப்பு விட்டுப்போனதும், கோவளம் பக்கத்திலுள்ள விலங்குகள் காப்பகத்தில் கூண்டு கழுவித் தீனி வைக்க வந்தாள். "மனுசனுக்கு ஆக்கிப் போட்டா நொட்டை சொல்லுவான். இதுங்க சொல்லாது" என்பாள்.

போன ஆடியில் அங்கே ஒரு கஸ்கஸ் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவை அடுத்த நியூகினித் தீவுக் காடுகளில் மரத்திலேயே வாழும் பிராணி. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்ப்பது. காட்டை வெட்டியும் வேட்டையாடியும் அந்த இனமே அருகிவிட்டது. அதைத்தான் ஒரு புண்ணியவான் துணியோடு துணியாகப் பெட்டியில் சுருட்டி விமானத்தில் கடத்தி வந்து பிடிபட்டிருந்தான். அவன் விளங்கவே மாட்டான்.

பையில் குட்டி இருப்பதைக் காப்பகத்தின் கால்நடை டாக்டர் ராமானுஜம்தான் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் அளவு, மயிர்கூட முளைக்கவில்லை. தாயின் காம்பைக் கவ்வியபடியேதான் வளரும். விட்டுவிட்டால் மறுபடி பிடிப்பது கஷ்டம். "குட்டி தேறிட்டா ரெண்டையும் அதோட ஊருக்கே அனுப்பிடலாம். தாய் மிரளாம பார்த்துக்கோங்க, ரேணுகாம்மா" என்றார்.

பிரசவத்துக்கு வந்த மகளைப் போலத்தான் அவள் பார்த்துக்கொண்டாள். கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினாள், அந்தப் பக்கம் யாரையும் சத்தம் போட விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. பச்சைப்பிள்ளை இருக்கிற இடத்தில் சாம்பிராணி போடாமல் இருப்பாளா? தன் பிள்ளைகளைத் தலைக்கு ஊற்றிப் புகை காட்டியே வளர்த்தவள். தணலை அள்ளி வந்து அதில் சாம்பிராணியைத் தூவினாள்.

நமக்குப் புகை என்றால் வெள்ளிக்கிழமை. மரத்தில் வாழும் பிராணிக்குப் புகை என்றால் காடு பற்றிக்கொண்டது. கஸ்கஸ் கம்பிக்குக் கம்பி பாய்ந்து மோதியது. ரேணுகா தணலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடி வருவதற்குள் குட்டி தரையில் கிடந்தது.

டாக்டர் வந்து தாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, குட்டியைப் பைக்குள் வைத்துப் பார்த்தார். அது காம்பைப் பிடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

"பயந்தா குட்டிய நழுவ விடறது இதுங்க சுபாவம். பெட்டியில அடைச்சு வந்த பயமாவும் இருக்கலாம்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"இல்ல சார். காலைலகூட நல்லாத்தான் துன்னுகினு இருந்துச்சு. நான் போட்ட பொகைதான்."



மறுநாள் விடிந்தபோது கஸ்கஸ் கிளைமேல் உட்கார்ந்து, பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. ரேணுகா பப்பாளித் துண்டை நீட்டினாள். வாங்காது என்றுதான் நினைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தேவலை என்றுகூட இருந்தது. அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தின்றது. இன்னொரு கை பைக்குள்ளேயே இருந்தது.