ரேடியோ லைசென்ஸின் அரைவட்டம்

வெந்நீரில் ஊறிய கோந்தின் வாடைதான் எனக்கு இன்றும் டெல்லிக் குளிர்காலத்தின் வாடை. எவர்சில்வர் தட்டில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி, கத்தரித்த ரசீதுத் துண்டை அதில் போட்டு இருநூறு எண்ணினால் ஸ்டாம்ப் தானாகக் கழன்று வரும். நூற்றுக்கு மேல் எண்ணும் பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நகத்தால் நெம்பி, ஓரம் கிழித்த ஸ்டாம்ப்புகளின் எண்ணிக்கையும் என் நோட்டில் இருக்கிறது.

கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குடியிருப்பில் மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டுத் தபால்தலைகள் சேர்த்தார்கள். எங்களுக்குக் கடல் கடந்த உறவு யாரும் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா, அம்மா நர்ஸ். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நீல இன்லண்டு. ஆகவே நான் யாரும் சீண்டாத வரி ஸ்டாம்ப்புகளைப் பிடித்துக்கொண்டேன். குறுக்கே கையெழுத்து ஓடிய "ரெவின்யூ ஸ்டாம்ப்", பழைய மனுவில் ஒட்டிய கோர்ட் ஸ்டாம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம், கிடைத்த இடம், கிடைத்த நாள் எழுதினேன். குப்பை என்ற பொருளில் பக்கத்து வீட்டு பம்மி இதற்கு வைத்த பெயர் "கச்ரா கலெக்‌ஷன்".

எனக்குப் பதினோரு வயதானபோது, வீட்டிலிருந்த ரேடியோ லைசென்ஸ் என் கண்ணில் பட்டது. அந்நாளில் ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். சிறு புத்தகத்தில் ஆண்டுக்கொரு கட்டம். அதில் ஸ்டாம்ப் ஒட்டி, பாதி ஸ்டாம்ப்பிலும் பாதி தாளிலுமாக விழும்படி வட்ட முத்திரை குத்தித் தருவார்கள். ரேடியோ அம்மா தன் சம்பளத்தில் வாங்கியது, லைசென்ஸும் அவள் பெயரில். டியூட்டி முடிந்து வந்ததும் முக்காலியில் காலை நீட்டி அவள் தமிழ்ச் செய்தி கேட்பாள். எங்களைத் தவிர அவள் காதில் விழும் தமிழ் அது ஒன்றுதான். ஆறு ஆண்டுகளின் ஆறு ஸ்டாம்ப்புகளையும் ஒரு பிற்பகலில் ஈரப்பஞ்சு வைத்து உரித்தெடுத்தேன். பணம் கட்டியாயிற்று, ஸ்டாம்ப்பின் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, பக்கத்து பிளாக்கில் "செக்கிங்" என்று பேச்சு வந்தது. லைசென்ஸ் சரியில்லாவிட்டால் ரேடியோவையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாடிப்படியில் சொல்லிக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் எங்கள் பிளாக் முழுக்க ஊமையாகிவிட்டது. ரேடியோக்கள் ரஜாய்ப் போர்வைக்கு அடியில் போயின. பம்மி வீட்டு டிரான்சிஸ்டர் ஆட்டா மாவு டின்னுக்குள் இறங்கியது. அப்பா மட்டும் எங்கள் ரேடியோவை ஜன்னலோரம் நகர்த்தினார்.

"நாம என்ன களவா எடுத்தோம், ஒளிச்சு வைக்கதுக்கு? நல்லா சத்தமா வை."

போகிற போக்கில் நான் சத்தத்தைக் குறைப்பேன்; அவர் வந்து கூட்டுவார். இடையிடையே குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நடப்பு ஆண்டின் ஸ்டாம்ப்பையாவது திரும்ப ஒட்டப் பார்த்தேன். ஸ்டாம்ப்பின் அரைவட்டமும் தாளின் அரைவட்டமும் ஒரு மயிரிழை விலகி நின்றன. உரித்தேன், ஒட்டினேன், மூன்றாம் முறையில் தாள் நைந்து மறுபக்கம் தெரிந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை மாதத்தின் இரண்டாம் சனி, அப்பாவுக்கு விடுமுறை. சத்தம் வந்த ஒரே வீடு எங்களுடையது என்பதால் சோதனைக்காரர் நேரே எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். அப்பா பெருமையோடு புத்தகத்தை நீட்டினார். ஐந்து கட்டங்கள் காலி, ஆறாவதில் கோணல்.

"பஹன்ஜி, யே டிக்கெட் கிஸ்கா ஹை?" என்று அம்மாவிடம் கேட்டார். இந்த ஸ்டாம்ப் யாருடையது என்று அவர் கேட்டதும் அம்மா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். வேறு யாருடைய புத்தகத்திலிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள், ரேடியோவைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். அப்பாவின் இங்கிலீஷ் பாதியில் நின்றது. அம்மா ரேடியோ மேல் போட்டிருந்த பூத்தையல் துணியை எடுத்து நான்காக மடித்தாள்.

அந்த மடிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே ஓடி ஆல்பத்தை எடுத்துவந்து, "நாந்தாம்மா உரிச்சேன்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஸ்டாம்ப்பாக அதன் கட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்து வட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தி முழுமையாயின. கோணலான ஆறாவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் என் கையாலேயே ஒட்டவைத்து, குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் போனதும் அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். அம்மா துணியைப் பிரித்து விரித்து, மறுபடி ரேடியோவைப் போட்டாள்.

"ஏட்டி, ரெண்டு நாளா நீ சத்தத்தக் கொறைக்கும்போதே எனக்குத் தெரியும். எப்ப வாயத் தொறப்பன்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்."

பிறகு சில ஆண்டுகளில் லைசென்ஸ் முறையே ரத்தானது. அம்மாவும் இல்லை, அந்த ரேடியோவும் இல்லை. அந்தப் புத்தகம் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆறாவது வட்டம் இன்னும் அந்த மயிரிழை அளவு விலகித்தான் நிற்கிறது. இப்போது என் வீட்டில் எது பாடினாலும் யாரும் வந்து லைசென்ஸ் கேட்கப்போவதில்லை. ஆனாலும் பகலில் அழைப்பு மணி அடித்தால், கதவைத் திறக்குமுன் என் கை சத்தத்தைக் குறைக்கப் போய்விடுகிறது.