ஃபுஷியாவும் கொசுப்புகையும்

பீன்யாவில் வால்வு தொழிற்சாலையில் நோராவுக்கு வேலை. நாள் முழுக்க லென்ஸ் வழியாக உலோகத்தில் கீறல் தேடுவாள். வீடு ஜோகுபாளையத்தில். மொட்டைமாடியில், ஜிமிக்கி மாதிரிப் பூக்கள் தொங்கும் ஃபுஷியாச் செடிகளை வளர்த்தாள்.

அந்த வருடம் அவற்றில் சிலந்திப்பேன் பிடித்தது. இலைகள் வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை கட்டியது. மருந்து அடித்துப் பார்த்தாள். பேன் குறையவில்லை, அதைத் தின்கிற பூச்சிகள்தான் செத்தன. கடைசியில், சிலந்திப்பேனையே தின்று வாழும் வேறொரு பேனைக் கூரியரில் வரவழைத்து இலைகளில் விட்டாள். அவை முட்டையிட ஆரம்பித்திருந்தன.

ஒரு மாலை அவள் கணவன் அமல் மூச்சிரைக்க மாடிக்கு வந்தான். தெருமுனையில் கொசுப்புகை அடிக்கிறார்கள் என்றான். இயந்திரம் தடதடப்பது அவளுக்கும் கேட்டது. அந்தப் புகை பட்டால் கொசுவோடு அவள் செடியில் விட்ட பேன்களும் சாகும்.

படியிறங்கி ஓடினாள். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிர்வீட்டு ரஞ்சிதம் வாசலில் நின்றிருந்தாள். அவள் மகள் மலர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாற்றுத்துணி எடுத்துப்போக வந்திருந்தாள் ரஞ்சிதம்.

"நல்லா அடிக்கச் சொல்லு நோரா. நம்ம தெருவுல இன்னொரு புள்ளைக்கு வரக்கூடாது."

நோரா தலையசைத்தாள். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு இயந்திரக்காரரிடம் போனாள்.

"அண்ணா, மாடியில செடி இருக்கு. உள்ள எடுத்து வெச்சுடறேன். எங்க வீட்டுக்குக் கடைசியா வாங்க."

மழை வருவதற்குள் முடிக்க வேண்டும், சீக்கிரம் ஆகட்டும் என்றார் அவர்.

அவளும் அமலும் தொட்டிகளைத் தூக்கித் தூக்கிச் சமையலறைக்குள் அடைத்தார்கள். இலை எங்கும் உரசக்கூடாது, அவசரப்படவும் வேண்டும். கம்பியில் முறுக்கிக் கட்டியிருந்த இரண்டு தொங்கு தொட்டிகள் மட்டும் கழலவே இல்லை. புகை கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறியது. நனைத்த போர்வையை அவற்றின் மேல் போட்டுவிட்டு உள்ளே ஓடி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள்.

மறுநாள் வெளிச்சத்தில் லென்ஸை எடுத்தாள். சமையலறைச் செடிகளில் அவள் விட்ட பேன்கள் இலைக்கு இலை ஓடின. தொங்கு தொட்டிகளில் ஒன்றுகூட அசையவில்லை. புகை நாற்றம் விடும்வரை சில நாள் பொறுத்தாள். பிறகு நல்ல செடியிலிருந்து பேனுள்ள இலைகளைக் கிள்ளி அந்த இரண்டின் மேலும் வைத்தாள்.

ஒன்று காய்ந்தே போனது, பிடுங்கிப் போட்டாள். மற்றது மழை நின்ற பிறகு துளிர்த்தது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலாம்படை இல்லை.